கைக்குட்டைக்குப் பதிலாக எது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மனைவி தூண்ட, தன் அரசனையே கொல்லும் படைத்தலைவனின் கதையான ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தை ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1957இல் 'சிலந்தி வலைக் கோட்டை' என்ற படமாக எடுத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. மேடைக்கென்று எழுதப்பட்ட ஒரு துன்பியல் நாடகத்தை வேறொரு மண்ணின் திரைப்படமாக மாற்றுவது எப்படி என்பதையே எல்லாக் கடிதங்களும் கேட்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டுமே குறித்திருக்கிறேன்.

கேள்வி: மூல நாடகத்தில் இருப்பதை மாற்றுவது அதை எழுதியவருக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? அவ்வளவு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சொந்தமாகவே ஒரு கதை எழுதிக்கொள்ளலாமே? – காரைக்குடி வாசகர்

பங்குனி பிறந்தால் மகம், பூரம், உத்தரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியிலும் விழா எடுக்கிற ஊர்க்காரர் நீங்கள். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாள்முதல் அந்த மேடையில் பேசப்பட்டு வருவதில் ஒரு பாதி, வான்மீகியிலிருந்து கம்பன் எங்கே விலகினான், ஏன் விலகினான் என்பதுதான். வான்மீகியின் இராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். அதைத் தமிழ்க் காது தாங்காது என்று அறிந்த கம்பன், அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகச் செய்தான். வான்மீகியில் திருமணத்துக்கு முன் சீதையும் இராமனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. களவுக்குப் பின் கற்பு என்று பாடிப் பழகிய மொழியில் அப்படி ஒரு திருமணத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், கம்பன் மிதிலையின் வீதியிலேயே 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்' என்று அவர்களைச் சந்திக்க வைத்துவிட்டான். இவ்வளவு மாற்றியும் வனவாசமும் பிரிவும் போரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கம்பனை வான்மீகிக்குத் துரோகம் செய்தவன் என்று சொல்ல உங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது.

சொந்தக் கதை எழுதலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் 'மாக்பெத்' போன்ற ஒரு நாடகத்தில் ஒரு செயல் அடுத்த செயலைக் கட்டாயமாக்குகிற அந்த இறுக்கம், நானூறு ஆண்டுகளாக எத்தனையோ மேடைகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. தேர்ந்த தச்சர் போட்டுவைத்த சாரம் கையில் இருக்கும்போது அதன் மேல் நம் வீட்டுக் கூரையை வேய்வதில் குறைவு ஏதுமில்லை.

வெறும் பெயர் மாற்றம் போதுமா என்றால், மேடைக்கு ஒரு காலத்தில் அது போதுமானதாக இருந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும், வெனிஸ் நகரத்தை வாணிபுரம் என்றும் ஒலி சிதையாமல் தமிழாக்கினார். நாடகத்தைப் பேச்சே சுமந்ததால் அது நடந்தது. திரைப்படத்தில் கேமரா வாசற்படியைக் காட்டும், பாத்திரத்தைக் காட்டும், மருமகள் மாமனாருக்கு எதிரில் எப்படி நிற்கிறாள் என்பதைக் காட்டும். அங்கே பெயரை மட்டும் மாற்றியிருந்தால் பொய் உடனே தெரிந்துவிடும்.

குரோசாவா செய்ததில் ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மாக்பெத்தின் மனைவி தன் பெண்மையைப் பறித்துக்கொள்ளும்படி ஆவிகளை அழைக்கும் புகழ்பெற்ற நீண்ட பேச்சு படத்தில் இல்லை. அதற்குப் பதிலாக அந்தப் பெண், காவலர்களுக்குக் கொடுக்க வேண்டிய மதுச் சாடியை எடுத்துவர எழுந்து, ஒரு வாசலுக்குள் நுழைந்து முழு இருட்டில் மறைந்துவிடுகிறாள். பட்டு உடை உரசும் ஓசை மட்டும் கேட்கிறது. பிறகு அதே இருட்டிலிருந்து சாடியோடு வெளியே வருகிறாள். இசுசு யமடா என்ற அந்த நடிகையின் அசையாத முகம், நோ என்னும் அவர்களுடைய பழைய நாடக மரபின் முகமூடியைப் பார்த்து அமைத்தது. செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளின் வாசலில் பட்டப்பகலிலும் இருட்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, எங்கள் ஐயா வீட்டின் உள்ளறைக்குள் விளக்கில்லாமல் போய்ச் சாமான் எடுத்துவரும் அப்பத்தாவின் நினைவு வந்து உடல் சிலிர்த்துவிட்டது.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 'ஒதெல்லோ'வை, 1930களில் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் நடப்பதாகத் திரைக்கதை எழுதி வருகிறோம். டெஸ்டிமோனாவின் கைக்குட்டைக்குப் பதிலாக, செட்டிநாட்டு மணநகையான கழுத்திருவை வைக்க நினைக்கிறோம். பொருந்துமா? – தேவகோட்டை வாசகர்

தம்பி, கழுத்திரு வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன், நாடகத்தைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. வெனிஸ் அரசின் படைத்தலைவனான ஒதெல்லோ கறுப்பு இனத்தவன். செல்வந்தர் மகள் டெஸ்டிமோனா தந்தையின் விருப்பத்தை மீறி அவனை மணக்கிறாள். தனக்கு வர வேண்டிய பதவியை காசியோவுக்குக் கொடுத்துவிட்டான் என்ற வன்மத்தில், கீழ்நிலை அதிகாரியான இயாகோ, அவள் காசியோவோடு தவறாகப் பழகுகிறாள் என்று நம்ப வைக்கிறான். ஒதெல்லோ அவளுக்குக் கொடுத்த முதல் பரிசான ஒரு கைக்குட்டை காசியோவின் கையில் கிடைப்பதே சாட்சியாகிறது. ஒதெல்லோ அவளைக் கொன்றுவிட்டு, உண்மை தெரிந்ததும் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான்.

கழுத்திரு திருமணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் வெளியே வந்துவிட்டு மறுபடி இரும்புப் பெட்டிக்குள் போய்விடுகிற பொருள். அது காணாமல் போனால் பங்காளிகள் எல்லோரும் கூடிவிடுவார்கள், போலீஸ் வரும், ஊரே தேடும். கைக்குட்டையின் கொடுமையோ, அது தொலைந்தது வேறு எவருக்கும் ஒரு பொருட்டாகவே இருக்காது என்பதில் இருக்கிறது. விலையில்லாத ஒரு துணித் துண்டின் மேல் ஒருவன் தன் தாயின் நினைவை ஏற்றி வைத்திருக்கிறான். எகிப்தியப் பெண் ஒருத்தி தன் தாய்க்குக் கொடுத்தது என்று ஓரிடத்தில் சொல்கிறான். கடைசிக் காட்சியில் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். அந்த முரணையே நான் மதிக்கிறேன். அந்தத் துணியின் கதை அவன் மனத்துக்குள்தான் இருக்கிறது.

விஷால் பரத்வாஜ் 2006இல் எடுத்த 'ஓம்காரா'வில் கைக்குட்டை பரம்பரை ஒட்டியாணமாக மாறியது. வீட்டு மருமகளுக்கென்று கொடுக்கப்படும் நகை என்பதாலும், ஆண்களின் அதிகாரமே பேச்சாக இருக்கிற உத்தரப் பிரதேச அரசியல் அடியாட்களின் உலகம் என்பதாலும் அங்கே அது நின்றது. ஜெயராஜ் 1997இல் மலையாளத்தில் எடுத்த 'களியாட்டம்', வடகேரளத்துத் தெய்வ ஆட்டமான தெய்யம் ஆடுபவர்களின் நடுவில் நடப்பது. அங்கே ஒரு பட்டுத் துணி. இரண்டிலும் நகையையோ துணியையோ தனியாகத் தேடி எடுக்கவில்லை, அந்த உலகத்துக்குள் அது முன்பே இருந்தது. உங்கள் கதைக்கு நான் ஒரு கொட்டானை எடுத்துக்கொள்வேன். சாயம் ஏற்றிய பனையோலையில் முடைந்து, விளிம்பில் மணியோ பின்னலோ வைத்து முடித்த உள்ளங்கை அகலக் கொட்டான். கடைக்காரர் கண்ணுக்கு அதற்கு மதிப்பே கிடையாது. ஆனால் முடைச்சலைப் பார்த்தவுடன் 'இது இன்ன ஆச்சியின் கை' என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். இறந்துபோன தாய் முடைந்த கொட்டானை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவன், ஆண்கள் மட்டுமே தங்கும் கடைக் கட்டடமான கிட்டங்கியில் இன்னொருவனின் பெட்டியருகில் அதைக் கண்டால் அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

இங்கேதான் உங்கள் திரைக்கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கடல் கடந்து கொண்டு விற்கப் போனவர்கள் பொதுவாக மனைவியை உடன் அழைத்துப் போகவில்லை. மூன்றாண்டுக் கணக்கு முடிந்து திரும்பும் வரை அவள் ஊரில்தான் இருப்பாள். ஆகவே உங்கள் டெஸ்டிமோனா ரங்கூனில் இருக்கவே முடியாது. வசதிக்காக அவளை அங்கே கொண்டுபோய் வைத்தால் விவரம் தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் உங்கள் படம் அந்த நிமிடமே தோற்றுவிடும். வைக்காவிட்டால், மூலத்தில் இல்லாத ஒரு வலிமை உங்களுக்குக் கிடைக்கிறது. கணவன் ரங்கூனில், மனைவி தேவகோட்டையில். நடுவில் கடலும், மாதக்கணக்கில் தாமதமாகும் கடிதங்களும், போய்வருகிறவர்கள் சுமந்து வரும் பலகாரப் பெட்டிகளும். காசியோ ஊருக்குப் போய்த் திரும்புகிறவன். இயாகோ ரங்கூன் கடையில் இருக்கிறான். அவன் மனைவி ஊரில் டெஸ்டிமோனாவின் தோழி. சும்மா கிடந்த கொட்டானில் மாவுருண்டை நிரப்பி, வழிக்கு ஆகட்டும் என்று காசியோவிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். யாருமே திருடவில்லை. அந்தக் கொட்டான் கடையில் இறங்கும் நாளில் இயாகோவின் கண் அதில் விழுந்தால் போதும்.

அப்புறம், இயாகோவின் குறை. மூலத்தில் அவன் காசியோவை, வெறும் கணக்குப் போடுகிறவன், பற்று வரவு எழுதுகிறவன் என்று இகழ்கிறான். போர்க்களம் காணாதவன் என்பது வசை. நம் கடையில் இந்த வசை தலைகீழாகிவிடும். கடைநிலைப் பெட்டியடிப் பையனாக வந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து, பேரேட்டையும் ஐந்தொகையையும் ஒரு பைசா பிசகாமல் வைத்திருக்கிறவனை விட்டுவிட்டு, உறவு முறையைப் பார்த்து வேறொருவனை மேலாளாக வைத்தால் அந்த அடுத்தாளின் வயிறு எரியும். அவன் பக்கம் நியாயம் இருப்பதாகக்கூடப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றட்டும். இயாகோ அதனால் இன்னும் பயங்கரமானவனாவான்.

ஒன்றை மட்டும் நீங்கள் இழப்பீர்கள். ஒதெல்லோவின் நிறம் அவனை அந்தச் சமூகத்தில் கடைசி வரை அந்நியனாக வைத்திருந்தது. கடையில் எல்லோரும் ஒரே சமூகத்தவராக இருந்தால் அந்தக் காயம் போய்விடும். ஏழை வீட்டுப் பிள்ளை, முதலாளியின் மகளை மணந்தவன் என்று வைக்கலாம். 'உன்னை எப்படி அவள் விரும்பியிருப்பாள்' என்ற விஷத்தை இயாகோ அங்கே செலுத்த முடியும். ஆனால் நிறத்தின் பேரால் வந்த இழிவுக்கு அது ஈடாகாது என்பதை ஒப்புக்கொண்டு எழுதுங்கள்.

இறுதிக் காட்சியும் கடினம். மூலத்தில் சந்தேகத்துக்கும் கொலைக்கும் இடையில் ஆற அமர யோசிக்க நேரமே இல்லை. உங்கள் நாயகனுக்கோ ரங்கூனிலிருந்து சென்னை வரை கப்பல், பிறகு ரயில், பிறகு மாட்டுவண்டி. அத்தனை நாளும் அவன் மனம் மாறாமல் இருந்தது எப்படி என்பதைக் காட்டினால்தான் படம் நிற்கும். அந்தக் கப்பல் பயணத்தைச் சுருக்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் படத்தின் நடு மண்டபமே அதுதான். மூன்றாண்டு கழித்து வருகிறவனை வரவேற்க வீடு கோலம் போட்டுக் காத்திருக்கும்.

கேள்வி: 'லியர் அரசன்' நாடகத்தில் தந்தை மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுக்கிறார். நம் வழக்கத்தில் பங்கு மகன்களுக்குத்தானே? மகள்களை எல்லாம் மகன்களாக மாற்றினால் பெண்களுக்குப் படத்தில் என்ன வேலை? – கண்டனூர் வாசகி

ஆச்சி, நீங்கள் கேட்ட இதே கேள்வி குரோசாவாவுக்கும் வந்தது. 1985இல் வந்த 'ரான்' படத்தில் அவர் மூன்று மகள்களை மூன்று மகன்களாக்கினார்; அந்தக் கால ஜப்பானில் கோட்டை மகளுக்குப் போகாது. ஆனால் பெண்ணை அவர் விட்டுவிடவில்லை. கிழவர் முன்பு அழித்தொழித்த குடும்பத்தின் மகளே அவருடைய மூத்த மருமகள் என்று கயேதே என்ற பாத்திரத்தை உருவாக்கினார். மூலத்தில் லியரின் கடந்த காலம் பேசப்படுவதில்லை. இங்கே அவர் விதைத்ததே முளைக்கிறது. அவரவர் செய்த வினை அவரவரை வந்து சேரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, லியரைவிட 'ரான்' நெருக்கமாகப் படுவதில் வியப்பில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஆயத்தமாகவே ஒரு வழக்கம் இருக்கிறது: வேறு வைத்தல். மகனுக்குத் திருமணமானதும் அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அளந்து கொடுத்துவிடுவது. ஒரே கூரையின் கீழ் பல உலைகள். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு அரிசி அளந்து கொடுத்த கிழவர், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, அவருக்கு மற்றவர்கள் அளந்து கொடுக்கிறார்கள் என்றால் லியர் அங்கேயே தொடங்கிவிடுகிறார். மூலத்தில் அவருடைய நூறு வீரர்களை மகள்கள் ஐம்பதாக்கி, இருபத்தைந்தாக்கி, கடைசியில் ஒருவர்தான் எதற்கு என்று கேட்கிறார்கள். இங்கே வீரர்கள் வேண்டாம். அவரோடு சாப்பிட்டுப் பழகிய பழைய கணக்கப்பிள்ளை, சமையல்காரர், எப்போதும் வந்து போகும் தூரத்து உறவு. இவர்களுக்காக நாளொன்றுக்கு வந்துகொண்டிருந்த பத்துப் படி ஐந்தாகிறது, ஐந்து இரண்டாகிறது. பிறகு ஒரு நாள், 'ஐயாவுக்கு எதற்குத் தனி உலை, எங்களோடு ஓர் இலை போட்டால் ஆகாதா' என்று மூத்த மருமகள் பேரன் வழியாகச் சொல்லி அனுப்புகிறாள். சொல்லில் குற்றமே இல்லை. முகப்பில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் கையில் படி காலியாக இருக்கிறது.

மூலத்தில் மூத்த மகள்கள் இருவரும் தந்தையைப் புகழ்ந்து பங்கு பெற, கடைசி மகள் புகழ மறுத்து விரட்டப்படுகிறாள். அந்தக் கடைசி மகளை மட்டும் மகளாகவே வைத்திருங்கள் என்பேன். பங்கில் உரிமை இல்லாதவள், ஆகவே முகத்துதி செய்ய வேண்டிய தேவையும் இல்லாதவள், அவள் ஒருத்திதான் உண்மையைச் சொல்கிறாள். தண்டனையாகப் பிறந்த வீட்டுச் சீரை நிறுத்தி, இனி இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று தந்தை சொல்லிவிட்டால், நாடு கடத்துவதைவிட அது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் மூலத்தைப் பின்பற்றவே கூடாது: புயல். லியர் புயலிலும் மழையிலும் வெட்டவெளியில் அலைகிறார். நம் ஊரில் மழை பெய்தால் தாழ்வாரத்தில் அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடித்துச் சேமிக்கிறவர்கள் நாம். அது தண்டனையாகத் தோன்றாது. வற்றிய கண்மாயின் வெடித்த மண்ணில், சித்திரை உச்சி வெயிலில் அந்தக் கிழவரை நடக்க விடுங்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம் எடுப்பது சாதாரணம். அப்படியானால் கிரேக்க நாடகமான 'ஈடிபஸ்' நமக்கு மிகவும் பொருந்தும் அல்லவா? – வலையபட்டி வாசகர்

பொருந்தாது, நீங்கள் சொன்ன காரணத்தாலேயே பொருந்தாது. ஈடிபஸ் தன்னை வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று நம்புகிறான். விருந்தில் குடித்திருந்த ஒருவன் உளறிய ஒரு சொல்லால்தான் அவனுக்கு முதல் சந்தேகம் வருகிறது. தன் பிறப்பு தெரியாததால் தந்தையைக் கொல்கிறான், தாயை மணக்கிறான். சோபோகிளீஸின் நாடகம் முழுவதும் இந்த அறியாமையின் மேல் நிற்கிறது. நம் சுவீகாரத்திலோ ஒளிவு மறைவே கிடையாது. குலப் பிரிவைக் குறிக்கும் கோயில் எது, அதில் எந்தப் பிரிவு என்று பார்த்து, பங்காளிகள் கூடி, ஊரறியச் செய்கிற காரியம் அது. சிறுகூடல்பட்டியில் பிறந்து சுவீகாரம் போன கண்ணதாசன் அதைத் தாமே எழுதியிருக்கிறார். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லாமல் பெண் கேட்கக்கூட முடியாத இடத்தில், தாயென்று தெரியாமல் மணப்பது எப்படி நடக்கும்?

இத்தாலிய இயக்குநர் பாசோலினி 1967இல் 'ஈடிபஸ்' படத்தின் பெரும்பகுதியை மொராக்கோவின் பாலைநிலத்தில் எடுத்தார். எந்தக் காலம், எந்த நாடு என்று சொல்ல முடியாத ஒரு தொன்ம உலகமாக அதை அமைத்ததால் இந்தக் கேள்வி எழவில்லை. நீங்கள் காரைக்குடிக்குக் கொண்டுவந்தால் எழும்.

சுவீகாரத்தை வைத்து எடுக்க வேண்டுமானால் சோபோகிளீஸின் 'ஆன்டிகனி'யைப் பாருங்கள். இறந்த அண்ணனை அடக்கம் செய்யக் கூடாது என்பது அரசனின் ஆணை. செய்தே தீருவேன் என்பது தங்கையின் பிடிவாதம். வேறு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனவனுக்குப் பெற்றவருக்குக் கொள்ளி வைக்கும் உரிமை இல்லை. அவன் வந்து நின்று கேட்டால், இரு தரப்பிலும் நியாயம் இருக்கிற, எவரும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு வழக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும். தெரியாமல் செய்த பிழையின் கதை அது ஆகாது. தெரிந்தே ஒரு கடமைக்காக இன்னொரு கடமையை உடைத்தவனின் கதையாகும்.

கேள்வி: இப்படி எடுக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? – பள்ளத்தூர் வாசகர்

ஷேக்ஸ்பியருக்கும் சோபோகிளீஸுக்கும் வேண்டாம். ஆனால் நீங்கள் வேறொருவருடைய அண்மைக் கால மொழிபெயர்ப்பின் வசனங்களைப் பயன்படுத்தினால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 2005இல் இறந்த அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் நாடகங்களைத் தொடுவதாக இருந்தால் முறையாக அனுமதி பெற்றே ஆக வேண்டும்.

கேள்வி: சோகமான முடிவை நம் மக்கள் ஏற்க மாட்டார்கள், துன்பியல் நம் மரபே இல்லை என்று ஒரு தயாரிப்பாளர் சொல்கிறார். உண்மையா? – பொன்னமராவதி வாசகர்

வடமொழி நாடக மரபு மங்கலமாக முடிப்பதை விரும்பியது என்பது உண்மை. அதைத் தமிழின் மேல் ஏற்றக் கூடாது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிற மக்கள் வாழும் மண்ணில், அதே பட்டினத்து வணிகன் ஒருவன் சிலம்பு விற்கப் போய் வெட்டுண்ட கதையை மறந்துவிட்டுப் பேசுகிறார் அந்தத் தயாரிப்பாளர். திருவிழா இரவுகளில் சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்' ஸ்பெஷல் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் பாட்டன்மார்.

சோகத்துக்கு அஞ்சியது நாம் மட்டுமல்ல. இங்கிலாந்திலேயே 1681இல் நாஹும் டேட் என்பவர் லியரைப் பிழைக்க வைத்து, கடைசி மகளுக்குத் திருமணமும் செய்து வைத்து எழுதிய மாற்று வடிவம்தான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மேடைகளில் நடந்தது. 1949இல் தெலுங்கில் வந்த 'குணசுந்தரி கதா' லியரின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு மாயாஜாலக் கதையாகச் சுபமாக முடிந்தது. மக்களும் அதைக் கொண்டாடினார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, அது வேறு வகைப் படம்.

மக்கள் ஏற்காதது காரணமில்லாத சாவை. 'யானோ அரசன்? யானே கள்வன்' என்று பாண்டியன் தன் வாயால் சொன்ன பிறகுதான் அரியணையிலிருந்து விழுந்து இறக்கிறான். தவறு தன்னுடையது என்று அவன் அறிகிற அந்தக் கணம் இல்லையென்றால் அந்தச் சாவுக்குக் கனமே இல்லை. ஒதெல்லோவுக்கும் அந்தக் கணம் உண்டு, ஈடிபஸுக்கும் உண்டு. அந்தக் கணத்தை அவசரமாகக் கடந்து, சண்டைக்கும் பின்னணி இசைக்கும் நேரம் கொடுத்த படங்களையே நம் மக்கள் தள்ளிவிட்டார்கள் என்று உங்கள் தயாரிப்பாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே நாடகத்தைப் படமாக்கிய முன்னோடி உண்டா? – கோட்டையூர் வாசகர்

உண்டு. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னைக்குக் குடிபெயர்வதற்கு முன் காரைக்குடியில் அமைத்த ஸ்டுடியோவில் எடுத்த 'நாம் இருவர்' (1947), ப. நீலகண்டனின் மேடை நாடகத்திலிருந்து வந்தது. துன்பியல் அல்ல, ஆனால் மேடையிலிருந்து திரைக்குப் போகும் வழி உங்கள் பக்கத்து ஊரிலேயே போடப்பட்டது.

கேள்வி: எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வருகிறார்கள். எல்லோரும் ஜமீன்தார் வீடாகவோ வில்லன் வீடாகவோதான் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டை வீடாகவே காட்டக்கூடிய ஒரு நாடகம் உலகத்தில் இருக்கிறதா? – கானாடுகாத்தான் வாசகி

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் உறவினர் வீட்டில் ஒரு படக்குழு, பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடித்துத் திரை கட்டிவிட்டுப் போன வடு இன்றும் இருக்கிறது. அந்தத் தூண் அவர்களுக்கு வெறும் பின்னணி.

நீங்கள் கேட்ட நாடகம் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் லோர்கா 1936இல், தாம் கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதி முடித்த 'பெர்னார்டா ஆல்பாவின் வீடு'. கணவனை இழந்த பெர்னார்டா, எட்டு ஆண்டுத் துக்கம் என்று சொல்லி ஐந்து மகள்களையும் வீட்டுக்குள் அடைக்கிறாள். மூத்தவளுக்கு மட்டும் சொத்து உண்டு, ஆகவே அவளுக்கு மட்டும் வரன் வருகிறது. அந்த வரனை இளையவள் காதலிக்கிறாள். இறுதியில் தூக்கிட்டு இறக்கிறாள். நாடகம் முழுவதும் ஓர் ஆண்கூட மேடைக்கு வருவதில்லை. வெளியே அறுவடைக்குப் போகிறவர்களின் பாட்டும், தொழுவத்தில் குதிரை சுவரை உதைக்கும் ஓசையும் மட்டும் உள்ளே வருகின்றன. கோவிந்த் நிஹலானி 1991இல் இதை ராஜஸ்தானத்து மாளிகையில் 'ருக்மாவதி கி ஹவேலி' என்று எடுத்தார்.

ஆண்கள் கடல் கடந்து போய்விட, பெண்களே நடத்திய வீடுகள் உங்களுடையவை. ஆகவே ஆண் இல்லாத அந்த மேடை இங்கே கற்பனையாக இருக்காது. ஆனால் பெர்னார்டாவை அப்படியே கொண்டுவர முடியாது. நம் ஆச்சிமார் வெறும் காவல்காரிகள் அல்லர்; தங்கள் சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டு, கணக்குப் பார்த்து, வீட்டையும் நிர்வகித்தவர்கள். அவளுடைய கொடுமை துக்கத்திலிருந்து வரக் கூடாது, பொறுப்பிலிருந்து வர வேண்டும். மகள்களின் பணம் எங்கே இருக்கிறது, எந்தக் கடை விழுந்துவிட்டது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு, ரங்கூனிலிருந்து கடிதம் நின்றுபோன மாதங்களில் நடப்பதாக வைத்தால், அவள் கதவைச் சாத்துவதற்கு உலகத்துக் காரணம் ஒன்று கிடைத்துவிடும். அவளை வெறுக்க முடியாமலும் மன்னிக்க முடியாமலும் பார்ப்பவர்கள் தவிப்பார்கள்.

வளவைச் சுற்றி எத்தனை அறை, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, இரண்டாம் கட்டில் பேசினால் முகப்புக்குக் கேட்குமா என்பவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் அப்பத்தா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் வராத அந்த மாதங்களில் வீட்டில் யார் எங்கே படுத்தார்கள், இரவில் எந்தக் கதவை முதலில் சாத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். அடுத்த முறை யாராவது கேமராவோடு வந்து வாடகை பேசினால், அந்த நோட்டை முதலில் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.